இருநூற்றுப் பன்னிரண்டு மனுக்கள்

போன ஆண்டு பென்சிகரின் மனுவில்
சூசைமிக்கேலின் மனைவி வந்துவிட்டாள்.
நகலெடுத்து ஒட்டும்போது ஒரு வரி மாற்ற மறந்தேன்.
குளச்சல் அலுவலகம் வரை சிரித்தார்கள்.
பென்சிகர் வீட்டில் மட்டும் சிரிக்கவில்லை.

அதனால் இந்தத் தடைக்காலத்துக்கு,
கருங்கல் சந்தை முக்கில்
ஜெராக்ஸ் மிஷினுக்கும் லேமினேஷன் சூட்டுக்கும் நடுவே உட்கார்ந்து
நிவாரண மனுவை ஒரே ஒரு முறை எழுதினேன்.
பெயர் வரவேண்டிய இடத்தில் பெயர் இல்லை.
இரண்டு சுருள் அடைப்பு திறந்து,
பெயர் என்கிற சொல்லை உள்ளே வைத்து,
இரண்டு சுருள் அடைப்பு மூடினேன்.
படகு எண்ணுக்கு ஒன்று. வங்கிக் கணக்குக்கு ஒன்று.

டெம்ப்ளேட் எஞ்சின் என்றேன்.
"யமஹாவா?" என்றார் வரிசையில் நின்றவர்.

நகைக்கடை ஒன்றுக்கு வலைப்பக்கம் செய்தபோது
பழக்கமானது இது. அந்த வேலைக்கென்றே பிறந்தது.
ஆனால் தான் எழுதுவது
வலைப்பக்கமா, வாழைக்குலை ரசீதா,
தக்கலை பஸ் நேரமா என்று அதற்குத் தெரியாது.
அடைப்புக்கு வெளியே இருப்பதை வாசிப்பதே இல்லை,
களியக்காவிளைச் சோதனைச் சாவடியில்
காலி லாரியை விடுவதுபோல
கையசைத்து விட்டுவிடும்.

பழைய புத்தி சில நேரம் எட்டிப் பார்க்கும்.
'ஜெபா & சன்ஸ்' என்ற விசைப்படகின் நடுக்குறியை
ஐந்தெழுத்துக் குப்பையாக விரித்து வைத்தது.
எதிரே உலாவி இருக்கிறதென்ற பயம்.
இது வெறும் தாள்தான் மக்களே என்று
ஒரு வரியில் சொல்லி அந்தப் பயத்தை அணைத்தேன்.

பட்டியலைச் சுற்றி வரும்போது
சுற்றுக்கொரு வெற்று வரியை உதிர்த்துப் போகும்.
அடைப்பின் ஓரத்தில் சின்னக் கோடு போட்டால்
அந்த வெறுமையைத் தின்றுவிடும்.
எல்லா இடத்திலும் போட்டேன்.
காகிதம் விற்கிற விலை அப்படி.

நூற்று நாற்பத்தேழில் நின்றது.
சிவப்பில் ஒரு வரி:
நிலை வரையறுக்கப்படவில்லை.

மரிய பெல்சிட்டா. கணவர் ஸ்டெல்லஸ்.
நான் எழுதியிருந்தது இரண்டே கிளை,
இருந்தால் 'மீனவர்'
இல்லையென்றால் 'காலஞ்சென்ற'.
அட்டவணையில் அவருடைய கட்டம் காலி.

மதியம் அவளே வந்தாள்,
ரேஷன் அட்டை நகலை முந்தானையில் முடிந்துகொண்டு.
"தேங்காப்பட்டணத்துலேருந்து போனவரு. நாலு வருசமாச்சு. வரேல்ல.
ஒங்க கம்ப்யூட்டர்ல அதுக்கு என்ன பேரு?"

காலி மதிப்புக்குப் பதிலாக
நாமே ஒரு சொல்லை வைத்துக்கொள்ள வழியுண்டு.
'தகவல் இல்லை' என்று வைத்துக் காட்டினேன்.
"போனாருல்லா, அது தகவல்தானே."
'காணாமற்போன' என்று மாற்றினேன்.
"காணாம போவ அவரு என்ன, வீட்டுச் சாவியா?"
லேமினேஷன் மிஷின் சூடாகிப் பச்சை விளக்கு போட்டது.
இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
"எனக்க மாப்பிளைக்கு அந்த எடத்துல
ஒண்ணும் எழுதாண்டாம்."

மூன்றாவது கிளை எழுதினேன்.
அதற்குள் ஒன்றுமில்லை.
ஒரு வரி நீளத்துக்கு ஒன்றுமில்லை.
பிறகு ஓரத்திலிருந்த கோட்டை அழித்தேன்.
விட்டிருந்தால் எஞ்சின்
அதையும் தின்றிருக்கும்.

இந்த முறை நிற்காமல் ஓடியது.
அலுவலர் கேட்பார், இங்கே என்ன இடைவெளி என்று.
அச்சுப்பிழை என்று சொல்லப்போவதில்லை,
வேறு என்ன சொல்வதென்றும் இதுவரை தெரியவில்லை.
பெல்சிட்டா தாளை வாங்கி
வெற்று வரிமேல் விரலை ஓட்டிப் பார்த்தாள்.
மை காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல.
எவ்வளவு என்று கேட்டு,
சில்லறையை எண்ணி மேசையில் வைத்தாள்.

அடுத்து பென்சிகர்.
மனைவி பெயரை இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான்
பேனாவைக் கேட்டார்.